பந்தலுக்குள்ள வந்த காரு

அட, எதுக்குண்ணே நின்னுக்கிட்டு? இங்குட்டு கட்டில் ஓரமா உக்காருங்க. கால்மேல மட்டும் சாஞ்சிறாதீக. ஒருதரம் ஒடிச்சது போதும், மாவுக்கட்டு இன்னும் ஆறு வாரம் கெடக்கணும்.

சிரிங்கண்ணே! மக கல்யாணம் முடிஞ்சு நாலு நாளாச்சு, இன்னும் மொகத்தத் தூக்கி வச்சிருக்கீக. என்ன கையில, ஆப்பிளா? சித்ரா, அண்ணனுக்குக் காப்பி போடு. எம்பொண்டாட்டி மொறைக்கிறான்னு நெனைக்காதீக, அவ பாக்குறதே அப்பிடித்தான்.

ஆனா அன்னைக்கு வந்தீக பாருங்க ஒரு வரத்து! கண்டனூர்ல உங்க வீட்டு வாசல்ல மேளம் கொட்டுது. சாப்பாட்டுக்கு வந்தவன் நான், சிவனேன்னு பந்தல்ல நிக்கிறேன். கோயிலுக்குப் போன பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு நீங்க வாரீக. எல்லாரும் வாசல்ல நிப்பாட்டுவாக. நீங்க வாழ மரத்தச் சாச்சு, பன்னீர்ச் சொம்பு வச்ச மேசையச் சாச்சு, அப்பறம்ல எங்கிட்ட வந்தீக. மெக்கானிக்கு அழகுராஜாவுக்குக் கார விட்டே வரவேற்புன்னு ஊரே சிரிக்குது.

என்னது, இனிமே வண்டியே ஓட்டமாட்டீகளா? கண்ணு தெரியல, சாவியக் குடுங்கன்னு உங்க சம்சாரம் ஆச்சி கேட்டாகளா? புது மருமகன் முன்னாடியேவா? அடப் பாவமே. அம்பத்தெட்டெல்லாம் ஒரு வயசாண்ணே!

மிதிச்சீகளா? மிதிச்சிருப்பீக. பிரேக்க அமுக்கினேன், நிக்கலைன்னு நீங்க சொல்றத ஒருத்தரும் நம்பலையாக்கும். நான் நம்புறேன்.

கல்யாணத்துக்கு மொத நாளு ஒர்க் ஷாப்புக்கு ஓடி வந்தீகள்ல? பிரேக்கு கீச்சு கீச்சுன்னு கத்துது, பொண்ணு எறங்கயில அந்தச் சத்தம் வந்தாச் சகுனம் ஆகாது, ஆச்சி பத்திரகாளி ஆயிருவாகன்னு. நல்ல ஆளுண்ணே நீங்க! சக்கரத்தப் பிடிச்சு நிப்பாட்டுற பேடு தேஞ்சுபோச்சு, மாத்துங்கடான்னுதான் அது கத்துறதே. பச்சப்புள்ள பசிச்சு அழுதா வாயப் பொத்துவீகளா? முகூர்த்தத்துக்கு ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பாத்தீக, பேட மட்டும் ஆறு மாசமாப் பாக்கல.

சும்மாதாண்ணே கேலி பண்றேன். இந்த நாலு நாளா எனக்கு வேற என்ன வேல?

மதுரையிலருந்து புதுப் பேடு வந்து சேரல. விடிஞ்சா முகூர்த்தம், நீங்க போன் மேல போன் போடுறீக. பக்கத்துக் கோயிலுக்குத்தான, மெதுவாப் போவாகன்னு நெனச்சுட்டேன். தேஞ்ச பேட்டுக்குப் பின்பக்கம் கிரீஸ நல்லா அப்பி, அதையே திருப்பிக் கோத்துவிட்டேன். சத்தம் நின்னுபோச்சு. சூட்டுல அது உருகி முன்பக்கம் வழிஞ்சிருக்கும், அப்பறம் எங்குட்டுப் பிடிக்கும்? புதுசு போட்டாச்சுன்னு நான் சொன்னது பொய்யிண்ணே.

என் காலு கெடக்கு. பின்சீட்டுல உங்க மக மீனு மாலையும் கழுத்துமா உக்காந்திருந்துச்சே, அதுக்கு ஒண்ணு ஆயிருந்தா?

ஆச்சிக்கு இப்பவே போன் போட்டுக் குடுங்க, நானே சொல்றேன். மருமகனையும் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க.