கை நனைக்காத விருந்து

அரிகரன்: ...அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல இத சொல்லு. மூலக்குளத்துல ஓட்டல் வெச்சிட்டு, வாசல்ல ‘இண்டியன் ரெஸ்டாரண்ட்’டுனு எதுக்கு போர்டு? அப்ப மத்த ஓட்டல்லாம் இன்னா ஜப்பான்காரனா நடத்தறான்?

விஜயகுமாரி: மெதுவா பேசுங்க. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

அரிகரன்: யாரு, அந்த அரியூர் மெடிக்கல் காலேஜு புள்ளைங்களா? அதுங்க ஃபோன வுட்டுத் தலைய தூக்கினாதானே.

தெய்வசிகாமணி: குமாரி, உன் வூட்டுக்காரருகிட்ட சொல்லு. போர்டு வெச்சவன் ஒண்ணும் யோசிக்காம வெச்சிருக்க மாட்டான்.

அரிகரன்: உங்க அண்ணங்கிட்ட சொல்லு. போர்டுக்கு வக்காலத்து வாங்க நா யாரையும் கூப்புடல.

விஜயகுமாரி: எதுக்க எதுக்க உக்காந்துகினு, நடுவுல நா ஒருத்தி தபால் ஆபீசா? மாமன் மச்சான்தானே, நேராதான் பேசித் தொலைங்களேன்.

அரிகரன்: ரெண்டு வருஷமா பேசல. இப்ப திடீர்னு பேசினா வாய் சுளுக்கிக்கும்.

தெய்வசிகாமணி: அவரு பேச வேணாம். சாப்ட்டா போதும். இந்தாப்பா... தந்தூரி சிக்கன், பட்டர் நான், பன்னீர் மசாலா, மட்டன் பிரியாணி. நல்லதா பாத்து எடுத்துனு வா.

அரிகரன்: அவன் ஏன் உங்க அண்ணனுக்கு மட்டும் அப்பிடி குனிஞ்சி கும்புடு போடறான்?

விஜயகுமாரி: அது... அண்ணனுக்கு வில்லியனூர் கடைவீதியில கடை இருக்குதில்ல. நாலு பேருக்குத் தெரியும்.

அரிகரன்: ஓகோ. பெரிய மனுஷன். சரி, எனக்கு தனி பில்லு போடச் சொல்லு.

விஜயகுமாரி: இன்னாங்க இது, அசிங்கமா...

அரிகரன்: அவரு குடுத்து நா சாப்ட்டா, அது அவரு வூட்ல கை நனைச்ச மாதிரி. உங்க அண்ணன் வூட்ல இனிமே கை நனைக்க மாட்டேன்னு ஊரறிய சத்தியம் பண்ணவன் நானு. இந்தாப்பா, ஸ்பூனு, முள்ளுக் கரண்டி, ரெண்டும் வேணும்.

விஜயகுமாரி: எதுக்கு ஸ்பூனு? பாயசத்தையே கையால வழிச்சிக் குடிக்கற ஆளு நீங்க.

அரிகரன்: பில்லு கடைசியில யார் தலையில விழும்னு எவனுக்குத் தெரியும்? ஸ்பூன்ல சாப்ட்டா கை நனையாது. சத்தியமும் நிக்கும், வயிறும் ரொம்பும்.

தெய்வசிகாமணி: அடடா... வக்கீலுக்கு படிச்சிருக்க வேண்டிய மனுஷன். கரும்பு வெட்டி வீணாப் போய்ட்டாரு.

அரிகரன்: கேட்டியா? கேட்டியா? உங்க அண்ணன் மன்னிப்பு கேக்கப் போறாருன்னுதானே என்ன இட்டுனு வந்த?

தெய்வசிகாமணி: யாரு, நானா? குமாரி, உன் வூட்டுக்காரரு எறங்கி வந்துட்டாருன்னு எங்கிட்ட சொன்ன?

விஜயகுமாரி: ரெண்டு பேருகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். சொல்லலன்னா ரெண்டு பேருல எவரு வந்திருப்பீங்க?

அரிகரன்: பொய் சொல்லிட்டு மொறைக்கற தைரியத்த பாரு.

விஜயகுமாரி: மொறைப்பேன். தீபிகா கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. தாய்மாமன் வந்து நெத்திப்பட்டம் கட்டுவாரா மாட்டாரான்னு அவ தெனம் கேக்கறா. மாமா மடியில வளந்த பொண்ணு. அவளுக்கு நா இன்னா பதில் சொல்றது?

தெய்வசிகாமணி: நா வரமாட்டேன்னா சொன்னேன்? தட்டோட மொறையா வில்லியனூரு வரட்டும். என் வூட்டு சோத்துல ஒருவாட்டி கை நனைச்சிட்டு கூப்புடட்டும். அடுத்த நிமிஷம் கெளம்பி வரேன்.

அரிகரன்: தட்ட வேணா வாசப்படியில வைக்கறேன். கை நனைக்க மாட்டேன்.

தெய்வசிகாமணி: அப்ப நானும் பட்டத்த வாசப்படியிலயே வெச்சிட்டுப் போறேன்.

விஜயகுமாரி: ரொம்ப நல்லா இருக்கு. பொண்ணு மேடையில, பட்டம் வாசப்படியில. சம்பந்தி வூட்ல கேட்டா இன்னா சொல்லட்டும், எங்க ஆளுங்களுக்குள்ள சோத்துக்கு சண்டன்னா?

அரிகரன்: சோத்துக்கு இல்லடி, இலைக்கு. உங்க அண்ணன் புள்ள நவீன்குமாரு கல்யாணத்துல இலையில சோறு போட்டாச்சி. சாம்பார் ஊத்தியாச்சி. நா பெசஞ்சும் ஆச்சி. அப்ப வந்து உங்க அண்ணன் தோள தட்டறாரு. ‘மாப்ள, கொஞ்சம் எழுந்திரிங்க, வியாபாரி சங்கத் தலைவரு வந்திருக்காரு’ன்னு. பெசஞ்ச கையோட எழுந்திரிச்சேன். வூட்டு மாப்ளடி நானு... பந்தியே பாத்துச்சி.

தெய்வசிகாமணி: எழுந்திரின்னு எங்க சொன்னேன்? ஒரு சேர் தள்ளி உக்காரச் சொன்னேன்.

அரிகரன்: இலையும் சோறும் கூடவே தள்ளி வந்துடுமா?

தெய்வசிகாமணி: சரி, சாப்பாடு வந்துடுச்சி. சூடா சாப்டச் சொல்லு.

அரிகரன்: இது இன்னா கலரு? கோயில் செவுத்துக்கு அடிச்ச காவி மிச்சம் இருந்துச்சாமா?

தெய்வசிகாமணி: தந்தூரின்னா அப்பிடித்தான் இருக்கும். ராத்திரியே தயிரு, மசாலாவெல்லாம் போட்டு ஊற வெச்சது.

அரிகரன்: உங்க அண்ணனுக்கு எப்பிடித் தெரியும்? கோழி வந்து சொல்லுச்சா?

விஜயகுமாரி: யூட்யூப்ல பாத்திருப்பாரு. சாப்டுங்க.

அரிகரன்: இந்த நானு இருக்குதே, முள்ளுக் கரண்டியால குத்தினா கரண்டி வளையுது. நம்ம கரும்பு வயலு மடையில இத வெச்சி அடைச்சா ஒரு சொட்டுத் தண்ணி ஒழுவாது.

தெய்வசிகாமணி: கையால பிச்சி சாப்டணும். நான்-ஐ கரண்டியில குத்தறவர இன்னிக்கித்தான் பாக்கறேன்.

அரிகரன்: பன்னீராம். பள்ளிக்கூடத்து சாக்பீஸு இத வுட ருசியா இருக்கும்.

தெய்வசிகாமணி: குமாரி, போதும்னு சொல்லு. யாரோ ஒரு புள்ள கஷ்டப்பட்டு நடத்தற கடை.

அரிகரன்: அந்தப் புள்ளைக்கு அப்பன்னு ஒருத்தன் இருப்பானே. அவனாவது சொல்லக் கூடாதா, இது உனக்கு வேணாம்டான்னு?

விஜயகுமாரி: ஏங்க! அந்தக் கோழிக் கால சாப்டுங்க. பேசாம.

அரிகரன்: இரு, கரண்டிய இப்பிடி வெச்சி... அந்தப் பக்கம் அழுத்தி... அய்யோ!

விஜயகுமாரி: போச்சி! வெள்ளச் சட்டையில... இஸ்திரி போட்டு குடுத்தேனே.

அரிகரன்: நா இன்னா பண்றது? செத்தும் பறக்குது அது. கொழா எங்க இருக்குது?

விஜயகுமாரி: வேணாம், வேணாம். அந்தப் பக்கம் போவாதீங்க. இங்கியே தண்ணி இருக்குது, நா தொடச்சி வுடறேன்.

அரிகரன்: நா இன்னா எல்கேஜி புள்ளையா? நவுரு. இந்தாப்பா, கை கழுவற எடம்? ...கல்லாவுக்குப் பக்கத்துலயா? சரி, சரி.

விஜயகுமாரி: போய்ட்டாரு. அண்ணா... கல்லால நவீன் நிக்கறானா?

தெய்வசிகாமணி: இல்ல. காலையிலயே சொல்லிட்டேன், மாமா கெளம்பற வரைக்கும் சமையக்கட்ட வுட்டு வெளிய வரக்கூடாதுன்னு. பில்லு புக்குல என் பேரு இல்ல. போர்டுலயும் இல்ல. வேலை செய்ற பசங்களையும் மொதலாளின்னு கூப்புடாதீங்கடான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

விஜயகுமாரி: இது உன் புள்ள கடைன்னு மட்டும் தெரிஞ்சிது... டேபிள கவுத்துட்டுப் போய்டுவாரு. அப்பறம் உன் மொகத்துலயே முழிக்க மாட்டாரு. எம் பொண்ணு நெத்தி வெறுமையா நிக்கும்.

தெய்வசிகாமணி: மாமா வராரு, மாமா வராருன்னு எம் புள்ள ஒத்த ஆளா நின்னு எல்லாத்தையும் செஞ்சான். இவரு இன்னாடான்னா மடைய அடைக்கலாம்ங்கறாரு.

விஜயகுமாரி: அத வுடு. உன் வூட்டு சோத்துல கை நனைச்சா வரேன்னுதானே சொன்ன? இது உன் வூட்டு சோறுதானே? நனைச்சாச்சின்னு வெச்சிக்கயேன்.

தெய்வசிகாமணி: எங்க நனைச்சாரு? ஸ்பூனுதான் நனைஞ்சிது. ஸ்பூனு கூப்ட்டுச்சின்னு நா கல்யாணத்துக்கு வர முடியுமா?

விஜயகுமாரி: நீயும் அவரும் ஒரே அச்சு. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்க... அண்ணா, மனசத் தொட்டு சொல்லு. அன்னிக்கி அவர எழுப்பினது தப்புதானே?

தெய்வசிகாமணி: ...தப்புதான். அந்தத் தலைவரு சாப்டக்கூட இல்ல குமாரி. சக்கரைன்னு சொல்லி மோர் மட்டும் குடிச்சிட்டு எழுந்துட்டான். உன் வூட்டுக்காரரு பெசஞ்ச இலை அங்கியே கெடந்துச்சி. ஆனா இத்தினி நாள் கழிச்சி எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றது?

விஜயகுமாரி: இந்த மூஞ்ச வெச்சிகினுதான். வேற மூஞ்சிக்கு எங்க... உஸ், வராரு. கறை போச்சாங்க?

அரிகரன்: போவல. பரவால்ல.

விஜயகுமாரி: ஏன் இவ்ளோ நேரம்? இந்தாங்க, உங்க ஸ்பூனு.

அரிகரன்: வேணாம், வழுக்குது. அந்த பிரியாணிய இப்பிடித் தள்ளு.

விஜயகுமாரி: ஏங்க... கையால...

அரிகரன்: பின்ன காலாலயா சாப்டறது? இன்னா, உங்க அண்ணன் அப்பிடிப் பாக்கறாரு? மனுஷன் சோறு துன்னு பாத்ததில்லயா?

தெய்வசிகாமணி: இல்ல, இல்ல... நல்லா சாப்டுங்க மாப்ள.

விஜயகுமாரி: அண்ணா! நேரா பேசிட்ட!

தெய்வசிகாமணி: வாய் தவறிடுச்சி.

அரிகரன்: ம்... உப்பு கொஞ்சம் கம்மி. கறி நல்லா வெந்திருக்குது. செஞ்சவன் அவசரப்படல. அந்த நானையும் குடு, பிச்சிப் பாப்போம்.

விஜயகுமாரி: மடைக்கு வேணாமா?

அரிகரன்: மடைக்கு வேற வாங்கிக்கலாம்.

தெய்வசிகாமணி: இந்தாப்பா, பிரியாணி இன்னொரு பிளேட்டு! நல்ல பீஸா பாத்துப் போடச் சொல்லு!

அரிகரன்: போதும், போதும். வயித்துல எடமில்ல. இந்தாப்பா, என் பில்ல தனியா எடுத்துனு வா. ...இன்னாது? பில்லு கெடையாதா? எதுக்கு கெடையாது?

விஜயகுமாரி: அய்யோ... அவன்கிட்ட இத சொல்ல மறந்துட்டியா அண்ணா?

தெய்வசிகாமணி: மாப்ள, நானே சொல்லிடறேன். இது என் கடை. நவீன்குமாரு நடத்தறான். நீங்க சாப்ட்டது என் வூட்டு சோறு.

விஜயகுமாரி: நாந்தாங்க இங்க வரச் சொன்னேன். திட்டறதுன்னா என்ன திட்டுங்க. பாதியில எழுந்து மட்டும் போய்டாதீங்க.

தெய்வசிகாமணி: அன்னிக்கி உங்கள இலையில இருந்து எழுப்பினது என் தப்பு. ரெண்டு வருஷமா உறுத்தினு இருக்குது. இன்னிக்கி ஏமாத்தினதும் தப்புதான். ஆனா கை நனைச்சிட்டீங்க மாப்ள... நா பட்டத்தோட வந்துடுவேன். வேணாம்னு சொல்லாதீங்க. எதாவது பேசுங்க...

அரிகரன்: மொதல்ல உக்காருங்க மச்சான். கல்லாவுக்கு மேல எங்க மாமனாரு படத்த மாட்டி, மாலையும் போட்டு வெச்சிகினு, ரெண்டு பேரும் சேந்து யார ஏமாத்தப் பாக்கறீங்க? கை கழுவப் போனேனே, அப்பவே அவரப் பாத்துக் கும்புட்டுட்டேன்... அதுக்கப்பறந்தானே வந்து ஸ்பூன வேணாம்னேன்.