ஆய்வில் மாற்றிய பெயர்

“யாருடி இந்தக் கவிதா? அப்படியே என் கதையா இருக்கு.”

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா கேட்டார். பக்கத்தில் கல்லூரிக்குப் போகும் மகள். பெண்பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்று மூன்று நாடுகளை வைத்து அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரை அம்மாவின் மடியில் இருந்தது.

“நீதாம்மா அது. கென்யாப் பொண்ணு தண்ணி எடுக்கணும்னு படிப்ப விட்டா. நேபாளப் பொண்ணு தம்பியப் பாத்துக்கணும்னு விட்டா. நீ ஸ்கூல் தூரம்னு எட்டாவதோட நின்ன.”

“தூரம் எல்லாருக்கும்தான். எங்கண்ணனுக்கு சைக்கிள் வாங்கினாங்க, எனக்கு வாங்கல. அதையும் எழுது.”

“சரி, எழுதறேன்.”

“எம்பேர ஏன் மாத்தின?”

“ஆராய்ச்சில அப்படித்தாம்மா. நாளைக்கு யாரும் உன்னக் கேவலமா பேசிடக் கூடாதுல்ல.”

“பேர மறைக்கற அளவுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்? படிக்கணும்னு அழுதவ நானு. நிறுத்தினவங்கதான் மறைஞ்சிக்கணும்.”

மகள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“நீ சம்மதிச்சா நிஜப் பேரே போடலாம்னு மேடம் சொன்னாங்க. ஆனா இன்னிக்கு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் படிக்கப் போறேன்.”

“நல்லா சத்தமா படி.”

பேருந்து நிலையத்துக்குள் வண்டி நின்றதும், அம்மா மகளிடம் பேனாவை வாங்கி, கவிதாவை அடித்துவிட்டு, மேலே நிதானமாக ராஜேஸ்வரி என்று எழுதினார்.