இணைக்காத கால்

டிடிஎல் என்ற பழைய ரக மின்னணுச் சிப்புகளிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. சமிக்ஞை வாங்கும் உள்ளீட்டுக் காலை எதிலும் இணைக்காமல் சும்மா விட்டால், அதை அவை '1' என்றே எடுத்துக்கொள்ளும். வீட்டில் யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று முடிவு கட்டிவிடுவோமே, அப்படித்தான்.

தங்கை கணவரை எங்கள் பட்டறையில் சேர்த்துவிட்டது நான். தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்யும் பட்டறை. வந்த வேகத்தில் அவர் வடிவமைப்பாளர் ஆனார்; நான் அவருடைய போர்டுகளைச் சோதித்துக் கொடுக்கிறவன் ஆனேன். "மாப்பிள்ளைக்கு மூளை. உனக்கு வயசுதான்பா ஆச்சு," என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்வார். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதிய போர்டில் பாதுகாப்புக் கதவு மூடியிருந்தால் 1, திறந்திருந்தால் 0. ஒன்று வந்தால்தான் பிரஸ் இறங்கும். மேசையில் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் கதவிலிருந்து வரும் கம்பி கழன்றால் அந்தக் கால் அந்தரத்தில் நிற்கும். சிப் அதையும் 1 என்றே படிக்கும். கதவு திறந்திருந்தாலும் மூடியதாக நம்பும். மூடினால் 0 என்று மாற்றி அமைத்திருந்தால், கம்பி கழன்றதும் இயந்திரம் நின்றுபோகும். மூளைக்காரருக்கு அது தோன்றவில்லை.

"ஒரு பார்வை பாத்துட்டீங்களா மச்சான்?" என்று கேட்டார்.

"பாத்துட்டேன்," என்றேன். பார்த்திருந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். புதிய பாதுகாப்பு போர்டை மாட்டும் நாளில், அதை வடிவமைத்தவரே கதவைத் திறந்து பிரஸ்ஸுக்குள் கையை வைப்பார். சோதித்தவர் பிரஸ்ஸை இறக்கும் பெடலை மிதிப்பார். வாங்க வந்தவர்களுக்கு நம்பிக்கை வர முதலாளி கண்டுபிடித்த வித்தை அது. இதுவரை எந்தப் பிரஸ்ஸும் இறங்கியதில்லை.

அன்று எல்லோரும் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். நான் பேனலைத் திறந்து, கதவுக் கம்பியைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தி, கம்பியை வெளியே இழுத்துவிட்டேன். சின்ன வேலைதான். காப்பி ஆறுவதற்குள் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டு வலது கையை உள்ளே வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மிதிங்க மச்சான், பயப்படாதீங்க."

மிதித்தேன்.

இப்போது தங்கை அவருக்குச் சோறு ஊட்டுகிறாள். "போர்டுலயா அண்ணா தப்பு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லையே. அவருடைய நாற்காலியில் முதலாளி என்னை உட்கார வைத்திருக்கிறார். புதிய போர்டில் மூடினால் 0 என்று நான் மாற்றிவிட்டேன். இனி யாருக்கும் ஆபத்து இல்லை.

கம்பியைக் கழற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மிதிக்கச் சொன்னது அவர். மாப்பிள்ளை பேச்சைத் தட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.