பூட்டு விழுந்திருக்கு, எறங்கும்

சாரல் மாதங்களில் தென்காசியில் வேலை செய்வது எனக்குப் பிடிக்கும், சார். குற்றாலத்துக் காற்று எங்கள் மாடி அறைவரை வந்துவிடும். மின்விசிறி தேவைப்படாது. மனம் ஒரு நிலையில் நிற்கும். அந்தச் சில நாட்களில் நான் பதற்றத்தில் எதையும் செய்துவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது கிணற்று மோட்டாருக்கான பெட்டி. கிணற்றடியில் அதை மாட்டிவிட்டால், எங்கிருந்தாலும் கைப்பேசியில் மோட்டாரை ஓடவிடலாம். முதலாளி குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி. பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் முழுக்க என் கையால் வந்தது. அதை எழுத ஒரே கருவியைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்தினேன். எல்லாம் ஒரே கட்டாக வரும். ஒன்றை மாற்றினால் மொத்தத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும். அது எனக்குப் பழகியிருந்தது.

போன வருடம் ஜெஸி வேலைக்குச் சேர்ந்தாள். பெங்களூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெண். மோட்டாரை ஓட்டுவது ஒரு துண்டு, தண்ணீர் மட்டம் பார்ப்பது ஒரு துண்டு, பூட்டு ஒரு துண்டு என்று தனித்தனியாக எழுதி, தனித்தனியாகச் சோதித்து, எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம் என்றாள். அதற்கு வேறு கருவி வேண்டும். அண்ணாச்சி எங்கள் இருவரையும் செய்து காட்டச் சொன்னார். நான் அரை நாளில் செய்த மாற்றத்தை அவள் டீ வருவதற்குள் முடித்தாள்.

"ஆதித்தா, இந்தப் பிள்ளை சொல்லுதது நமக்குச் சரிப்பட்டு வரும்னு தோணுது. நீயும் அதையே படிச்சுக்கிடு" என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நானும் சரி என்றேன்.

பூட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிணற்றுக்குள் யாராவது இறங்க வேண்டுமானால் பெட்டியில் ஒரு திருகியைத் திருப்புவார்கள். பிறகு கைப்பேசியில் யார் அமுக்கினாலும் மோட்டார் ஓடக் கூடாது. அந்தத் துண்டைப் புதிய கருவியில் இணைக்கும் வேலை எனக்கு வந்தது. மின்சாரம் போய்த் திரும்பும்போது பெட்டி கண்விழிக்கும். எந்தத் துண்டு முதலில் விழிக்க வேண்டும் என்பதை இந்தக் கருவியில் நாம்தான் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. மேசையில் மோட்டாருக்குப் பதில் பல்பை மாட்டிச் சோதித்தபோது, பூட்டு போட்டிருந்தும் பல்பு எரிந்தது. பூட்டு விழிப்பதற்குள் மோட்டார் விழித்துக்கொள்கிறது.

ஒரே வரியில் திருத்தியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறை நான் வைக்கவில்லை, சார். அது தானாக வந்தது. நான் எடுக்கவில்லை, அவ்வளவுதான். எங்காவது பூட்டிய மோட்டார் ஓடும், விவசாயிகள் சத்தம் போடுவார்கள், அண்ணாச்சி பழைய கருவிக்கே திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். எல்லாக் கிணறுகளுக்கும் அனுப்பிவிட்டேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் அகமது கபீருக்குத் தோட்டம் உண்டு. அவர் ஷார்ஜாவில் இருக்கிறார், தம்பி காஜா இங்கே பயிரைப் பார்த்துக்கொள்கிறார். சூரியகாந்தி பூக்கிற பருவத்தில் கபீர் அங்கிருந்தே தண்ணீர் விடுவார். காஜா எதிலும் நிதானமான ஆள். கிணற்றில் இறங்கும் முன் ஒவ்வொரு முறையும் எங்களை அழைத்துக் கேட்பார். அன்றும் கேட்டார்.

"அண்ணே, கேபிள் ஜாயின்ட்ல தண்ணி ஏறிட்டு. பூட்டு போட்டுட்டேன், அங்கன தெரியுதா?"

திரையில் பார்த்தேன். தெரிந்தது.

"பூட்டு விழுந்திருக்கு, எறங்கும்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பூட்டு விழுந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் மின்சாரம் போனது. திரையில் அந்தப் பெட்டி சாம்பல் நிறமானது. சற்று நேரத்தில் கபீரின் கட்டளை வந்து காத்து நின்றது: மோட்டார் ஓடட்டும். தம்பி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. மின்சாரம் திரும்பியதும் கட்டளை பெட்டிக்குப் போகும். அதை ரத்து செய்ய எனக்கு அனுமதி இருந்தது. காஜாவின் எண்ணையும் எடுத்தேன். அழைத்திருந்தால் மேலே ஏறச் சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்டிருப்பார். ரத்து செய்திருந்தாலோ எதுவுமே நடந்திருக்காது. இப்படி ஒரு குறை இருப்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

ஜெஸி அடுத்த மேசையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வேணுமா அண்ணே?" என்று கேட்டாள். ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். மின்சாரம் திரும்பி, திரையில் பெட்டி பச்சையானது.

மோட்டாரை நிறுத்த ஓடி வந்தவர்கள் பெட்டியில் கைக்குக் கிடைத்த திருகியையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். காஜா பூட்டுப் போட மறந்துவிட்டார் என்று எல்லோரும் பேசினார்கள். அண்ணாச்சி கேட்டபோது, அவர் அழைத்ததாக எனக்கு நினைவில்லை என்றேன். அடக்கத்துக்குக் கபீரால் வந்து சேர முடியவில்லை, மறுநாள்தான் வந்தார். துக்கம் கேட்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே அமுக்கினேன். என் விரலாலதானே அவன் போனான்" என்றார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னதில் தவறும் இல்லை. காஜாவின் மனைவி ஹாஜரா பீவி உள்ளேயிருந்து ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவங்க மறக்க மாட்டாங்க."

ஜெஸியும் அதையேதான் சொல்கிறாள். சாப்பிடாமல் கொள்ளாமல் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பார்க்கிறாள். துண்டுகளில் குறை இல்லை, அவை விழிக்கும் வரிசையில் இருக்கிறது. இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. "நான் இந்தக் கருவியைக் கொண்டு வராம இருந்திருந்தா அவர் இருந்திருப்பாருல்லா அண்ணே?" என்று நேற்று கேட்டாள். இருந்திருப்பார் என்றேன்.

காஜா என்னை அழைத்த விவரம் உங்களிடம் இருப்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறங்கச் சொன்னது நான். கட்டளை காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்ததும் நான்.

கடையம், ஆய்க்குடிப் பக்கத்துக் கிணறுகளிலெல்லாம் இன்றைக்கும் அதே மென்பொருள்தான் ஓடுகிறது. அந்த ஒரு வரியை எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். பழைய கருவிக்கே திரும்புவோம் என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் இந்த நிமிடமே அனுப்பிவிடுவேன். அவர் இன்னும் அந்தப் பெண்ணைத்தான் நம்புகிறார். நான் என்ன செய்யட்டும், சார்? முடிவெடுக்கும் இடத்தில் என்னை யாரும் வைக்கவில்லையே.