இறால் தொட்டியும் அன்னபுஷ்பத்தின் கையும்

பூச்சி புழுவைக் கொல்லக்கூட எனக்கு மனசு வராது சார். வீட்டில் கரப்பான் வந்தால் என் மனைவிதான் துடைப்பத்தை எடுப்பாள். நான் வாசலில் போய் நின்றுகொள்வேன். இந்தக் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், என்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட ராஜாமணி மேல், 'எம்.டி.யின் இறால்களையும் நத்தைகளையும் சாகவிட்டார்' என்று குற்றப்பத்திரிகை. அதை விசாரிக்க உங்களை வேறு மெட்ராஸிலிருந்து, ஒரகடம் ரோட்டுப் புழுதியைத் தின்றுகொண்டு வரவழைத்துவிட்டார்கள். சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் எதற்கு? நடந்ததை நானே ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். நீங்களும் பொழுதோடு ஊர் போய்ச் சேரலாம்.

தொட்டி வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். போன வருஷம் எம்.டி. ஜப்பானுக்குப் போனார். நம் வால்வுகளுக்கு டெக்னாலஜி கொடுக்கிற கம்பெனி அங்கேதான் இருக்கிறது. அவர்கள் வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. மீன் இல்லை, பொடி இறாலும் நத்தையும்தான். இறால் பாசியைக் கொறிக்கிறது, நத்தை கண்ணாடியைத் துடைக்கிறது, இராப்பகலாக வேலை. எம்.டி. சொக்கிப்போய்விட்டார். திரும்பி வந்ததும் டைம் ஆபீசில், ஆட்கள் கார்டு பஞ்ச் பண்ணுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, அதேபோல ஒன்றை வைக்கச் சொன்னார். சூபர்வைசர் இல்லை, யூனியன் இல்லை, ஓ.டி. இல்லை, எப்படி உழைக்கிறது பாருங்கள் என்று மூன்று ஷிஃப்டும் பார்த்துத் திருந்த வேண்டுமாம். லோடிங்கில் காண்டிராக்ட் ஆளாக இருக்கும் சூசைராஜ் மட்டும் பார்த்துவிட்டு, "அதுங்களுக்கு வேளாவேளைக்கு சோறு போட்றாங்களே சார்" என்றான். வாய்க்கொழுப்பு. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இறாலையும் நத்தையையும் பக்கத்து ஏரியிலிருந்து பிடித்து வந்தோம். அழகுக்காகக் கொஞ்சம் ஏரிப் பாசியும் போட்டோம். அந்தப் பாசியோடு ஒட்டிக்கொண்டு அட்டை வந்துவிட்டது. பொடிசு, நகக்கண் அளவுதான். பகலில் கல்லுக்கடியில் பதுங்கிக்கொள்ளும். இருட்டினால் நத்தை ஓட்டுக்குள் தலையை விட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். காலையில் பார்த்தால் வெறும் ஓடு உருண்டு கிடக்கும். எம்.டி. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். பிரஸ் ஷாப்பில் ஒருவனுக்கு விரல் போனபோதுகூட அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஜப்பான்காரர்கள் வருவதாக ஏற்பாடு. "வெல்ஃபேர் உங்க டிபார்ட்மென்ட்தானே ராஜாமணி, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உப்புப் போட்டால் அட்டை சாகும். ஆனால் அதற்கு முன்னால் ஏரி இறால் செத்துவிடும். மயில்துத்தம் போட்டால் நத்தைதான் முதல் பலி. மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் கண்ணப்பன்தான் உருப்படியாக ஒன்று சொன்னான். ஒரு சின்ன பாட்டிலில் ஓட்டை போட்டு, உள்ளே கோழி ஈரலை வைத்துத் தொட்டியில் இறக்கினான். மறுநாள் காலையில் பாட்டில் நிறைய அட்டை. ஒரு வாரம் இப்படியே செய்திருந்தால் தொட்டி சுத்தமாகியிருக்கும், சந்தேகமே இல்லை.

ஆனால் எம்.டி. சுத்த சைவம். கேன்டீனில் முட்டைகூட நுழையாது. சூசைராஜ் ஒரு தடவை கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து மெமோ வாங்கியவன். இறால் வளர்க்கலாமா என்று ஆரம்பத்திலேயே நான் கேட்டு வைத்துக்கொண்டேன். "உயிரோட இருக்கிற வரைக்கும் எதுவும் மாமிசம் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஈரல் உயிரோடு இல்லையே. வாடை தெரிந்த உடனே பாட்டிலைத் தூக்கி எறிந்து, டைம் ஆபீசைக் கழுவிவிட்டு, சூடம் ஏற்றினோம். கண்ணப்பனுக்கு அந்த வருஷத்து இன்கிரிமென்ட் போச்சு.

நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். அட்டைக்கு ரத்தம் வேண்டும். எம்.டி.க்கு இரை உயிரோடு இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தானாக வந்துவிடுகிறது. என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தாலும் இங்கேதான் வந்து நின்றிருப்பீர்கள்.

சூசைராஜின் மனைவி அன்னபுஷ்பம் டைம் ஆபீசைப் பெருக்கித் துடைக்கிறவள். கேஷுவல். கல்யாணத்துக்கு முன்னால் நாற்று நட்டுப் பழகியவள். அட்டையைக் கண்டால் வீல் என்று கத்துகிற ரகம் இல்லை. அவளுக்கு ஒரே ஆசை, பர்மனன்ட் ஆக வேண்டும். கேஷுவல் ஆட்களுக்குச் சட்டத்தில் ஒரு கெடு உண்டு, அத்தனை நாள் வேலை பார்த்துவிட்டால் பர்மனன்ட் ஆக்கியாக வேண்டும். கெடு நெருங்கும்போது நான் பிரேக் கொடுப்பேன். அதாவது, கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டுப் பிறகு புது ஆளாகச் சேர்த்துக்கொள்வேன். கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அன்னபுஷ்பம் இப்படிப் பல பிரேக் பார்த்தவள். பர்மனன்ட் ஆனால் படப்பையில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, மகள் கிளாராவைச் சிஸ்டர்கள் நடத்துகிற ஸ்கூலில் சேர்க்கலாம் என்று பெருக்குகிறபோதெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

தினமும் முதல் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் கையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று அவளிடம் விளக்கினேன். அட்டை கடிக்குமே என்றுகூட அவள் கேட்கவில்லை.

"கைய வுட்டுகினு குந்திகினு இருந்தா, இந்த வாட்டி பிரேக் குடுக்க மாட்டீங்களே சார்?" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாம் என்பது பொய் இல்லை சார். நான் யாருக்கும் பொய் வாக்குக் கொடுத்தவன் இல்லை.

ஒரு வாரம் உட்கார்ந்தாள். ஒரு அட்டைகூட வரவில்லை. அந்தப் பொடி அட்டைக்கு நத்தைதான் பிடிக்கும், மனுஷ ரத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. எம்.டி. தினமும் காலையில் காரைவிட்டு இறங்கும்போதே, "ராஜாமணி, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பார். உற்பத்தி எண்ணிக்கை கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். அவரிடம் போய் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா? இருக்கிறது என்று பொய் சொல்லவும் எனக்கு வராது. ஆகவே, கைக்கு வருகிற அட்டையாகப் பார்த்து ஏற்பாடு செய்தேன். படப்பைப் பக்கம் தணிகாசலம் என்று ஒரு விவசாயி. அவர் எருமைகள் குட்டையில் கிடந்துவிட்டு எழுந்தால் உடம்பெல்லாம் அட்டை தொங்கும். ஊறுகாய் ஜாடியில் வாங்கி ஸ்கூட்டரில் கொண்டுவந்து, சாயங்கால ஷிஃப்ட் ஆட்கள் பஞ்ச் பண்ணி உள்ளே போன பிறகு தொட்டியில் விட்டேன். மறுநாள் காலையில் அவள் கையை விட்டதுதான் தாமதம், ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. எம்.டி. என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்னபுஷ்பம் மட்டும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏரிப் பாசியில இம்மாம் பெரிசு ஏது சார்? இது எருமைய புடிக்கிறது ஆச்சே" என்றாள். கம்பெனித் தண்ணீரில் நன்றாக வளர்ந்துவிட்டது என்றேன்.

வயலில் என்றால் உப்பை வைத்து அட்டையை எடுத்துவிடுவார்கள். இங்கே அது முடியாது. ஒரு கல் உப்பு தவறி விழுந்தாலும் இறால் போய்விடும். பிய்த்து எடுத்தால் பாதி தண்ணீரில் போய்விடும் என்று அதற்கும் நான் அனுமதிக்கவில்லை. வயிறு நிறைந்து தானாக விழுகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். விழுந்ததும் வாளியில் போட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் நான் வாளியில் இருப்பதை எடுத்து மறுபடி தொட்டியில் விடுவேன். வயிறு நிறைந்த அட்டை சுணங்கிவிடும் என்பதால் தணிகாசலத்திடம் புதிதாகவும் வாங்கிக்கொண்டிருந்தேன். நேற்றைவிட இன்று கூட இருக்க வேண்டும் என்று எம்.டி. எதிர்பார்த்தார். நத்தைகள் செத்துக்கொண்டேதான் இருந்தன. ஏரியிலிருந்து புது நத்தை போட்டுவிடுவேன். அதை யாரும் கேட்கவில்லை.

வலக்கையில் இடமில்லை சார் என்று ஒருநாள் வந்து நின்றாள். இடக்கையை வைத்துக்கொள்ள உடனே அனுமதி கொடுத்தேன். இந்த விஷயங்களில் நான் கறார் பார்ப்பவன் இல்லை. கடிவாயிலிருந்து மத்தியானம் வரைக்கும் கசியும். கந்தலைச் சுற்றிக்கொண்டு பெருக்குவாள், தரையில் சொட்டினால் அவளே துடைத்துவிடுவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பஞ்ச் கிளாக் பக்கத்தில் ஒருநாள் மயங்கி விழுந்தபோது நானே எலுமிச்சம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அரைநாள் சம்பளம் பிடித்தது விதிப்படிதான். அவளுக்கு ஒரு கரண்டி பீட்ரூட் பொரியல் கூடப் போடச் சொல்லிக் கேன்டீனில் தனியாகச் சொல்லி வைத்ததும் நான்தான். அது குற்றப்பத்திரிகையில் வரவில்லை.

சூசைராஜ் ஒருநாள் வந்தான். இந்தமுறை வாய்க்கொழுப்பு இல்லை. தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆசுபத்திரில அவளுக்கு ரத்தமே இல்லேன்னுட்டாங்க சார். மூச்சு வாங்கறா. வேற யாரனா வெச்சிக்கோங்க சார்."

தாராளமாக, என்றேன். நாளையிலிருந்து அவள் வீட்டில் இருக்கலாம், அது பிரேக் என்று கணக்காகும், கெடுவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி என்பதையும் சொன்னேன். மறைக்கவில்லை. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் அவளே வந்து கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

ஜப்பான்காரர்கள் வந்த அன்று, அவர்கள் பார்க்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். தண்டலம் தாண்டி அவர்கள் கார் பங்க்சர். ரொம்ப நேரமாகிவிட்டது. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அன்னபுஷ்பம் கை தண்ணீரில் இருக்க, தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எம்.டி. அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். கையில் அன்று ஒரு அட்டைகூட இல்லை. "பாருங்க, அடியோட ஒழிச்சாச்சு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் அன்னபுஷ்பத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளுக்கு முன்னால் இடுப்பை வளைத்து வணக்கம் சொன்னார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனோம்.

அந்த நேரம் பார்த்து சூசைராஜ் வந்திருக்கிறான். நான் திரும்பி வந்தபோது அவளைத் தரையில் கிடத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எழுந்து கேன்டீனுக்குப் போனான். கல்லுப்பு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். லோடிங் ஆள் அல்லவா, ஒரே தூக்கில் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டான். இறால் எல்லாம் துள்ளித் துள்ளி வெளுத்துப்போய்விட்டது. நான் வலையை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். சுற்றி நின்றவர்கள் அவளை ஜீப்பில் ஏற்ற ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இறாலைப் பார்க்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அன்று நான் அழுதுவிட்டேன் சார்.

ஆகவே உப்பு என் கையால் விழவில்லை. கேன்டீன் ஸ்டோரைப் பூட்டாமல் விட்டிருந்தார்கள், அது என் மேற்பார்வை. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து சூசைராஜ் நஷ்டஈடு கேட்டு வந்தான். முந்தின நாள் சாயங்காலமே அவளுக்கு பிரேக் கொடுத்தாகிவிட்டது, சம்பவத்தன்று அவள் நம் தொழிலாளியே இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அந்த உத்தரவைச் சம்பவத்தன்று மத்தியானம்தான் போட்டேன் என்பது உண்மை. ஆனால் முந்தின நாளே போட்டிருக்க வேண்டியது, வேலை மும்முரத்தில் விட்டுப்போனது. கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. விட்டிருந்தால் பர்மனன்ட் ஆகியிருப்பாள்.

"அப்போ அன்னிக்குக் காலைல அங்க குந்திகினு இருந்தது யாரு சார்?" என்று கேட்டான்.

அதற்கு விதியில் பதில் இல்லை.

ஒன்றுவிடாமல் சொல்கிறேன் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரர்கள் கார் கேட்டுக்குள் திரும்பியபோது நான் முன்னால் ஓடிவந்து பார்த்தேன். அன்னபுஷ்பத்தின் கை தொட்டியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. கூப்பிட்டேன், பேசவில்லை. தோளைத் தட்டினேன், தலை சாய்ந்தது. முந்தானையைச் சரிசெய்து, தலையைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து, கையைத் தூக்கி மறுபடி தண்ணீருக்குள் விட்டது நான்தான். கை சில்லென்று இருந்தது. அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்த கை வேறெப்படி சார் இருக்கும்?