எண்ணெய் ஊறும் நேரம்

காபியைக் குடித்துவிடுங்கோ மாப்பிள்ளை, ஆறினால் இந்த ஊர்ப் பால் வாயில் வைக்கச் சகிக்காது. விசாலாக்ஷி மேலே இருக்கிறாள். உங்கள் இரண்டு பேர் தலையிலும் காலிலும் இப்போதுதானே எண்ணெய் வைத்தேன், கொஞ்சம் ஊறட்டும். அவளுக்கு முடி நீளம், அவளே முதலில் குளிக்கட்டும். தலை தீபாவளியும் அதுவுமாக அவசரம் எதற்கு? என் பிள்ளை அனந்தராமன் ஆஸ்பத்திரிக்குப் போய் மருமகள் ஜலஜாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். நர்ஸ் உத்தியோகத்துக்குத் தீபாவளி ஏது.

நேற்றுப் பெட்டியை இறக்கும்போது, "குளிக்கிற தொட்டியில போடற ரப்பர் பாய் கராஜ்ல கிடக்கே தாத்தா?" என்று கேட்டீர்கள். கழுவிக் காயப் போட்டிருக்கிறேன் என்றேன். அது பொய். இந்த வீட்டில் எல்லோரும் படித்தவர்கள், ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் அஞ்சாங்கிளாஸ். கும்பகோணத்தில் கல்யாணச் சமையலுக்குக் கரண்டி பிடித்தவன். எண்ணெயை முகர்ந்து பார்க்காமல் வாங்கினதில்லை, மனுஷனையும் அப்படித்தான். பெண்டாட்டி போனபிறகு அனந்தராமன் டிக்கெட் அனுப்பி நியூஜெர்சியில் இந்தப் பிஸ்கட்டவே ஊருக்கு வரவழைத்தான். வரவழைத்தவன் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவான். ஜலஜா அதற்கும் மேலே. பகல் பூராவும் நானும் ஃபிரிட்ஜும்தான். அது உறுமும், நான் கேட்பேன்.

பேத்திக்கு விசாலாக்ஷி என்று வைத்தது என் அம்மாவின் பெயர். எட்டு வயதில் அமெரிக்கா வந்த பெண், நான் வந்தபோது காலேஜில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிறகு பெண்களுக்கென்று ஒரு லீக் ஆரம்பித்தார்கள், நியூஜெர்சி டீம் இவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. கார்டு என்றால் என்ன வேலை என்று கேட்டேன். பந்தி பரிமாறுகிறவன் இலைகளைப் பார்த்துக்கொண்டே போவானே, அந்த வேலை. பந்தைத் தட்டிக்கொண்டே போய், யார் கை காலி என்று பார்த்து, அவள் கேட்கும் முன்னே போட வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனாள். அரை டிராயர், முதுகில் நம்பர். பக்கத்தில் ஒருத்தன் பீர் குடித்துக்கொண்டே, "சாலி! சாலி!" என்று கத்தினான். யாரடா அது என்று அனந்தராமனைக் கேட்டேன்.

"நம்ம விசாலிதாம்ப்பா. இங்க யாருக்கும் முழுப் பேர் வராது."

என் அம்மா பெயரை நடுவில் நறுக்கி பீர்க்காரன் வாயில் போட்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தாள். "எப்படித் தாத்தா? நல்லா ஆடினேனா?" என்றாள். வீட்டுக்குப் போகலாமா என்றேன். "டீம் பஸ் நிக்கறது தாத்தா. டெக்ஸாஸ், அப்புறம் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ. ஸீஸன் முடியட்டும், உங்க பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன், போறுமா?" சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஒரு ஸீஸன் முடிந்தது, அடுத்தது வந்தது. என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அந்த லீக்கில் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். பாதிக் கொட்டகை காலி, படுக்கை பஸ்ஸில். கல்யாணப் பேச்சை எடுத்தால் ஸீஸன் என்பாள். பெற்றவர்கள் வாய் திறக்கவில்லை. இந்த நாட்டில் பிள்ளைகளைக் கண்டு பெரியவர்கள் நடுங்குகிறார்கள். நான் நடுங்குகிற ஜாதி இல்லை.

இந்த வீட்டில் என் முதல் தீபாவளிக்கு நானே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அந்த வெள்ளைத் தொட்டியில் இறங்கினேன். கால் வழுக்கியது. எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் வேலைக்குப் போயாச்சு. சாயங்காலம் அனந்தராமன் வரும்வரை கிடந்தேன். தண்ணீர் முதலில் ஆறியது, பிறகு நான். வந்தவன், "பார்த்து இறங்கக் கூடாதாப்பா?" என்றான். மறுநாள் ரப்பர் பாய் வாங்கிப் போட்டான். இவர்கள் அன்பெல்லாம் கடையில் கிடைக்கும்.

எண்பதாம் வருஷத் தீபாவளிக்கு விசாலாக்ஷி வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது ஸீஸன் ஆரம்பிக்கப் போகிறது, இந்தத் தடவை டீமுக்கே கேப்டன் என்று குதித்தாள். மிளகும் வெற்றிலையும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி நான்தான் தலையில் வைத்தேன். மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. பிறகு "தாத்தா" என்றாள். அடுப்பில் தேங்காய்த் துவையலுக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். அதை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். கருக விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

முழங்காலுக்குள்ளே நார் அறுந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை, அந்த மாதங்களைப் போல நான் இந்த நாட்டில் இருந்ததில்லை. ரசம் சாதம் பிசைந்து மாடிக்குக் கொண்டுபோவேன். மத்தியானம் ரம்மி ஆடுவோம். கும்பகோணத்துக் கல்யாணக் கதை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "நீங்க இல்லேன்னா எனக்கு யாரு தாத்தா?" என்று அவள் வாயாலேயே சொன்னாள். நடுவில் அழுவாள், அது உண்டு. கட்டிலில் உட்கார்ந்தபடியே பந்தைத் தரையில் தட்டுவாள். எனக்குக் கூரை அதிரும். ஒருநாள் அவள் தூங்கும்போது கோணி தைக்கிற ஊசியால் பந்தைக் குத்திவிட்டேன். பழசு, காற்று போய்விட்டது என்றேன். நம்பினாள். அவள் என்னை எப்போதும் நம்புவாள்.

அந்த வசந்த காலத்தோடு லீக்கே மூடிவிட்டது. எப்படியும் மூடப்போகிற கடை. நான் அவளுக்கு நல்லதுதான் செய்தேன் என்பதற்கு அதைவிட சாட்சி வேண்டுமா?

பார்சிப்பனியிலிருந்து ஒரு பையன் பெண் பார்க்க வந்தான். ராமசுப்ரமணியன் என்று பெயர், பெரிய கம்பெனி. "காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தா என்ன, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றான். அவனை வாசல்வரை கொண்டுவிட்டு, இந்தக் கால் ஆயுசுக்கும் இப்படித்தான், பிள்ளை பெறுவதுகூடச் சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். திரும்பி வரவில்லை. எனக்கு அவன் முழி பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் கல்யாணம்தான் என் கவலை, அதில் சந்தேகம் வேண்டாம்.

பிறகு கால் தேறியது. நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தாள். ஹூஸ்டனில் வேலை என்று போனாள். அங்கே உங்களைப் பிடித்தாள். பிட்ஸ்பர்க் கோயிலில் தாலி ஏறியது, நானும் அட்சதை போட்டேன். சுகர் லேண்டில் வீடு என்றீர்கள், ஸ்விம்மிங் பூல் என்றீர்கள். தாத்தாவுக்கு ஒரு ரூம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. போகட்டும்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் வாய் நிறையச் சிரிப்போடு சொன்னாள்: "தாத்தா, புது லீக் வந்துடுத்து! டெக்ஸாஸ் டீம்ல கார்டு! அடுத்த வாரம் முதல் மேட்ச்!" நீங்கள் அவள் முதுகில் தட்டினீர்கள். அனந்தராமன் எழுந்து கை தட்டினான். எனக்கு யாரும் மோர் விடவில்லை.

இப்போது பாய்க்கு வருகிறேன். எண்பதிலும் அது கராஜில்தான் கிடந்தது. தொட்டியிலிருந்து நான்தான் எடுத்தேன். காய்ச்சிய எண்ணெயில் மிச்சம் இருந்ததைத் தொட்டியின் அடியில் விட்டுத் துணியால் ஒரே சீராகத் தடவினேன், தோசைக்கல்லில் தடவுகிற மாதிரி. வெள்ளையில் எண்ணெய் தெரியாது. வீட்டில் எல்லோரும் விபத்து என்றார்கள். விபத்து என்பது தானாக நடப்பது. அது நான் செய்தது. ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நான் அவளை அடித்ததில்லை, திட்டினதில்லை. பஸ்ஸிலிருந்து இறக்கி வீட்டில் உட்கார வைத்தேன். பெரியவன் செய்யவேண்டியது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நேற்று நீங்களெல்லாம் படுக்கப் போகிற வரைக்கும் பாய் கராஜிலேயேதான் கிடந்தது, நீங்களே பார்த்தீர்கள். தொட்டியில் எடுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லை. இன்று காலை எண்ணெய் நான் கொஞ்சம் தாராளமாகவே காய்ச்சினேன்.

மேலே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது இல்லையா. குழாயைத் திறந்துவிட்டாள்.

ஓடாதீங்கோ மாப்பிள்ளை, உங்கள் காலிலும் எண்ணெய் இருக்கிறது, அது மாடிப்படி. அவளுக்கு ஒன்றும் ஆகாது. விழுந்தால் நான் பார்த்துக்கொள்வேன். போன தடவையும் நான்தானே பார்த்துக்கொண்டேன்.