சிவப்புத் துணி கட்டிய ஆடுகள்

திண்டுக்கல்லிலிருந்து அகரம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர், பக்கத்திலிருந்த தன் நாத்தனாரிடம் சொன்னார்:

"நோஞ்சான் கிடாயா இருந்தா அன்னைக்கே சந்தேகப்பட்டிருப்பேன் மதினி. அம்புட்டு அழகா இருந்துச்சு, அதான் ஏமாந்துட்டேன்."

"அது என்ன செஞ்சுச்சு?"

"அது ஒண்ணும் செய்யல. அதோட குட்டிகதான். நல்லாப் பால் குடிக்கும். மேய்ச்சலுக்கு ஓட்டுனா செத்த நேரத்துல காலு வெறச்சு விழுந்துரும். கண்ணேறுன்னாக, விஷப்புல்லுன்னாக. நான் விழுந்த குட்டியோட தாய்க்கெல்லாம் கழுத்துல சிவப்புத் துணி கட்டுனேன். கட்டிட்டுப் பாத்தா அம்புட்டும் அந்தக் கிடாய்க்கே பொறந்து, அதுகிட்டயே சினையான பொட்டைக. சந்தையில வாங்குன ஆடு ஒண்ணுகூட இல்ல."

"நீயாவாடி கண்டுபிடிச்ச!"

"பெறகுதான் டாக்டரு ரத்தம் எடுத்து அனுப்புனாரு. சதையில சேத்து வச்ச சர்க்கரையை எடுத்துச் செலவழிக்க அந்தக் குட்டிகளுக்கு ஏலாதாம். அப்பன்கிட்ட பாதிக் கொறை, ஆத்தாகிட்ட பாதி. ரெண்டும் சேந்தாத்தான் நோயி, தனியா இருந்தா வெளிய தெரியாது."

"இப்பக் கிடாயி?"

"காயடிச்சுட்டேன். அதுக்கு முன்ன மூணு ஊர்ல பொட்டைகளோட சேக்கப் பொலிக்குக் கேட்டாக, குடுக்கல."

"ஒன் மூளை எவளுக்கும் வராதுடி" என்று நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை அப்படியே நின்றது. "எம் மக சடங்குக்கு நீங்க தாய்மாமன் சீராக் கொண்டாந்த கிடாக்குட்டி?"

"அதுவும் இதோட பிள்ளைதான். சீராக் குடுத்ததைத் திரும்பக் கேக்கக் கூடாது மதினி. அதான், மாத்துக் கிடா ஒண்ணு பின்னால ஆட்டோவுல வருது."